தன் முடிவைத் தானே மறுத்த ஆய்வாளர்: சிசிலியா பெய்ன்

நூலொன்றில் ஆசிரியர் மனமுவந்து எழுதிய பல நூறு பக்கங்களைக் காலம் மறந்துவிடுவதுண்டு. மனமின்றி எழுதிச் சேர்த்த ஒரு வரியை மட்டும் அது மறப்பதில்லை. 1925ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்ட் வானாய்வகம் வெளியிட்ட ஆய்வேடு ஒன்றில் அத்தகைய வரி இடம்பெற்றுள்ளது. விண்மீன்கள் எவற்றால் ஆனவை என்னும் கேள்விக்கு மனித வரலாற்றில் முதன்முறையாகச் சரியான விடையைக் கணக்கிட்டுத் தந்த நூல் அது. அந்த விடை பெரும்பாலும் உண்மையாக இருக்க முடியாது என்று கூறும் வரியும் அதே நூலில்தான் இருக்கிறது. இரண்டையும் எழுதியவர் ஒருவரே. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. அவர் பெயர் சிசிலியா பெய்ன்.

இளமை

இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷயர் பகுதியில் உள்ள வெண்டோவர் என்னும் சிற்றூரில் 1900ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் சிசிலியா பிறந்தார். தந்தை எட்வர்ட் ஜான் பெய்ன் வழக்கறிஞர், வரலாற்று நூல்கள் எழுதியவர், இசையிலும் தேர்ந்தவர். மகளுக்கு நான்கு வயதானபோது அவர் மறைந்தார். செருமானிய அறிஞர் குடும்பத்தின் வழிவந்த தாய் எம்மா, மூன்று குழந்தைகளையும் தனியாகவே வளர்த்து ஆளாக்கினார். மூத்தவர் சிசிலியா. தம்பி ஹம்ஃப்ரி பின்னாளில் கிரேக்கத் தொல்லியல் அறிஞராகப் புகழ் பெற்றார். தங்கை கட்டடக் கலைஞரானார்.

குழந்தைப் பருவத்தில் தாயுடன் நடந்து சென்றபோது வானில் எரிமீன் ஒன்று விழக் கண்டதும், தாய் சொல்லி மட்டுமே அறிந்திருந்த அரிய மலரொன்றைத் தோட்டத்துப் புல்லில் தாமே கண்டறிந்ததும் அவர் நினைவில் இறுதிவரை நீங்காதிருந்தன. கேள்விப்பட்ட ஒன்றைக் கண்ணால் கண்டு உறுதி செய்யும்போது உண்டாகும் பேருவகையை அம்மலர் அவருக்குக் கற்பித்தது.

இலண்டனில் அவர் முதலில் பயின்ற பள்ளி சமயப் பற்று மிகுந்தது. அங்கே அவர் செய்து பார்த்த சோதனை ஒன்று அவருடைய இயல்பை நன்கு காட்டுகிறது. தேர்வுப் பாடங்களை இரு கூறாகப் பிரித்தார். ஒரு கூறில் வெற்றி வேண்டி இறைவனிடம் மன்றாடினார். மறு கூறுக்கு மன்றாடவில்லை. மன்றாடாத பாடங்களிலேயே மதிப்பெண் மிகுந்து வந்தது. ஆனால் வழிபாடு என்பதே அவரை விட்டு நீங்கிவிடவில்லை. பள்ளியின் மேல்மாடியில் ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. வேதிப்பொருள்கள் அடுக்கப்பட்டிருந்த அந்த அறைக்குள் தனியே நுழைந்து, பொருள்களின் முன் அமைதியாக நின்று மீள்வது அவர் வழக்கம். அவருக்கு அதுவே கோயிலாயிற்று.

அப்பள்ளியில் அவர் விரும்பிய அளவுக்கு அறிவியல் கற்பிக்கப்படவில்லை. 1918இல் செயின்ட் பால் பெண்கள் பள்ளிக்கு மாறியபோதுதான் அவருக்கு மூச்சு விட முடிந்தது. அங்கே இசை கற்பித்தவர் கஸ்டவ் ஹோல்ஸ்ட். கோள்களின் பெயரால் அமைந்த புகழ்பெற்ற இசைத்தொகுப்பை இயற்றியவர் அவரே. சிசிலியாவின் இசைத்திறனைக் கண்ட அவர், இசையையே வாழ்க்கையாகக் கொள்ளுமாறு ஊக்குவித்தார். மாணவியோ கோள்களையும் கடந்து விண்மீன்களிடம் செல்லவிருந்தார்.

உறக்கம் இழந்த மூன்று இரவுகள்

1919இல் உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நியூன்ஹாம் மகளிர் கல்லூரியில் சேர்ந்தார். எடுத்துக்கொண்ட பாடங்கள் தாவரவியல், இயற்பியல், வேதியியல். தாவரவியலாளர் ஆவதே அன்றைய நோக்கம்.

அவ்வாண்டு மே மாதம் 29ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. கேம்பிரிட்ஜ் வானாய்வகத்தின் இயக்குநர் ஆர்தர் எடிங்டன் மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரத்தின் பிரின்சிபி தீவுக்குச் சென்று அதைப் படம் எடுத்து வந்திருந்தார். விண்மீன் ஒளி சூரியனருகே வளைகிறது என்னும் ஐன்ஸ்டைனின் கணிப்பைச் சோதிக்கவே அந்தப் பயணம். டிரினிட்டி கல்லூரியின் பெரு மண்டபத்தில் அது பற்றி அவர் உரையாற்றவிருந்தார். நியூன்ஹாம் மாணவியருக்குக் கிடைத்த நுழைவுச் சீட்டுகள் நான்கே. சிசிலியாவுக்கு அவற்றுள் ஒன்றும் கிட்டவில்லை. சீட்டுப் பெற்ற தோழி ஒருத்தி போக முடியாமற்போகவே, அந்த இடம் இவருக்கு வாய்த்தது.

உரையைக் கேட்டுத் திரும்பிய இரவே அதை ஏறக்குறையச் சொல்லுக்குச் சொல் நினைவிலிருந்து எழுதி முடித்தார். அடுத்த மூன்று இரவுகளும் உறக்கம் இல்லை. அதுவரை தாம் அறிந்திருந்த உலகம் அடியோடு பெயர்ந்து, வேறோர் உலகம் அதன் இடத்தில் அமர்ந்துவிட்டதாக உணர்ந்தார். தாவரவியலைக் கைவிட்டு இயற்பியலை மேற்கொள்வதெனத் துணிந்தார். ஒரு சீட்டு இடம் மாறியதால் ஒரு வாழ்க்கையே திசை மாறிற்று.

முதல் வரிசையில் தனியாக

அன்று கேம்பிரிட்ஜில் இயற்பியல் கற்பது என்றால் காவண்டிஷ் ஆய்வகத்தில் எர்னஸ்ட் ரதர்ஃபோர்டிடம் கற்பதாகும். அணுவின் கருவைக் கண்டறிந்த பேரறிஞர் அவர். உயர்நிலை வகுப்பில் சிசிலியா ஒருவரே பெண். பெண்கள் முதல் வரிசையில்தான் அமர வேண்டும் என்பது விதி. ஆகவே அந்த வரிசை முழுவதிலும் அவர் ஒருவரே அமர்ந்திருப்பார். ரதர்ஃபோர்ட் ஒவ்வொரு நாளும் அவரைக் கூர்ந்து நோக்கியவாறு, பெண்களை விளிக்கும் சொல்லை அழுத்தி உச்சரித்து உரையைத் தொடங்குவார். பின்வரிசைகளில் இருந்த இளைஞர்கள் கைதட்டியும் தரையை உதைத்தும் ஆரவாரிப்பர். ஒவ்வொரு வகுப்பிலும் தரைக்குள் புதைந்துவிட வேண்டும் போலிருந்ததை அவர் பின்னாளில் நினைவு கூர்ந்திருக்கிறார். வகுப்பறைகளில் பின்வரிசையை நாடும் பழக்கம் முதுமையிலும் அவரை விட்டு அகலவில்லை.

வகுப்பறைக்கு வெளியிலும் நிலைமை வேறாக இல்லை. 1921 அக்டோபரில், பெண்களைப் பல்கலைக்கழகத்தின் முழு உறுப்பினராக ஏற்கலாமா என்பது வாக்கெடுப்புக்கு விடப்பட்டுத் தோற்றது. வெற்றிக் களிப்பில் திரண்ட ஆண் மாணவர் கூட்டம் நியூன்ஹாம் கல்லூரியின் வெண்கலக் கதவுகளைக் கைவண்டியால் மோதிச் சிதைத்தது. அந்தக் கதவுகளுக்குள்தான் சிசிலியா வாழ்ந்துகொண்டிருந்தார். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கத் தொடங்கியது 1948இல்தான்.

இவற்றுக்கிடையே கதவைத் திறந்துவிட்டவரும் ஒருவர் இருந்தார். பல்கலைக்கழக வானாய்வகம் பொதுமக்களுக்குத் திறந்திருந்த ஓர் இரவில் சிசிலியா சென்று, தொலைநோக்கியைக் காட்டிக்கொண்டிருந்த உதவியாளரிடம் அடுக்கடுக்காகக் கேள்விகள் கேட்டார். விடை சொல்ல இயலாத உதவியாளர் ஓடிப்போய் எடிங்டனை அழைத்து வந்தார். வானியலாளர் ஆக விரும்புவதாக அந்த மாணவி சொன்னபோது எடிங்டன் அதைத் தடுக்கவில்லை. படிக்க வேண்டிய நூல்கள் சிலவற்றின் பெயரைக் கூறினார். அவற்றையெல்லாம் அவர் முன்னரே படித்திருந்தார். உடனே வானாய்வக நூலகத்தையே அவருக்குத் திறந்துவிட்டார் எடிங்டன். கல்லூரி வளாகத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்த சிறிய தொலைநோக்கியைச் சிசிலியா சீர்செய்து, மக்களுக்கு வானத்தைக் காட்டத் தொடங்கியதும் அக்காலத்தில்தான்.

கடல் கடத்தல்

1923இல் படிப்பு முடிந்தது. வானியல் கற்ற பெண்ணுக்கு இங்கிலாந்தில் காத்திருந்தது பள்ளியாசிரியர் பணி ஒன்றே. அதில் தாழ்வொன்றும் இல்லை; ஆயினும் ஆய்வுக்கு அங்கே இடமில்லை. முந்தைய ஆண்டு இலண்டனில் ஹார்வர்ட் வானாய்வக இயக்குநர் ஹார்லோ ஷேப்லியின் உரையைக் கேட்டிருந்தார் சிசிலியா. நம் சூரியன் பால்வெளி மண்டலத்தின் நடுவில் இல்லை, ஓர் ஓரத்தில்தான் இருக்கிறது என்று காட்டியவர் ஷேப்லி. உரை முடிந்ததும் அவரிடம் சென்று, தம்மிடம் பணிபுரிய விரும்புவதாகத் தயங்காது கூறினார். அவரும் வரவேற்றார். வானியல் பயிலும் பெண்களுக்கென ஹார்வர்டில் ஏற்பட்டிருந்த சிறிய உதவித்தொகை ஒன்று அவருக்குக் கிடைத்தது. 1923இல் அட்லாண்டிக் கடலைக் கடந்தார்.

கண்ணாடித் தகடுகளின் நூலகம்

ஹார்வர்ட் வானாய்வகத்தில் அன்று இருந்த செல்வம் கண்ணாடித் தகடுகள். பல பத்தாண்டுகளாக இரவுதோறும் எடுக்கப்பட்ட வானத்துப் படங்கள் அவற்றில் உறைந்திருந்தன. அவற்றைப் படித்து வகைப்படுத்தியவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; குறைந்த ஊதியத்தில் மிகுந்த உழைப்பை ஈந்தவர்கள். அவர்களுள் தலையாயவர் ஆனி ஜம்ப் கேனன். 2,25,300 விண்மீன்களை நிறமாலைப்படி தனியொருவராக வகைப்படுத்தி, 1918 முதல் 1924 வரை ஒன்பது தொகுதிகளாக வெளிவந்த பட்டியலுக்கு உயிர் கொடுத்தவர் அவர்.

விண்மீனின் ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தினால் அது வானவில் போல விரியும். அவ்வண்ணப் பட்டையின் குறுக்கே கருங்கோடுகள் தென்படும். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய இடங்களில் ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் ஏற்படும் சுவடுகள் அவை. கோடுகள் எவை என்று பார்த்து, விண்மீனில் உள்ள தனிமங்கள் எவை என்று சொல்லிவிடலாம். ஆனால் எது எவ்வளவு இருக்கிறது என்று சொல்வது எளிதன்று. சூரிய நிறமாலையில் கால்சியம், இரும்பு ஆகியவற்றின் கோடுகள் அழுத்தமாக இருந்தமையால், சூரியனும் ஏறக்குறைய பூமியைப் போன்ற பொருள்களால் ஆனது என்றே அறிஞர்கள் கருதினர். பூமியின் மேலோட்டைச் சூரியனளவு வெப்பத்துக்குச் சூடாக்கினால் இதே போன்ற நிறமாலைதான் கிடைக்கும் என்பது அக்காலக் கருத்து. அமெரிக்க வானியலில் எவரும் மறுத்துப் பேசத் துணியாத இடத்திலிருந்த பிரின்ஸ்டன் பேராசிரியர் ஹென்றி நாரிஸ் ரசலும் அக்கருத்தினரே.

டாக்காவிலிருந்து வந்த திறவுகோல்

இந்தப் பூட்டுக்குரிய திறவுகோலைச் செய்தவர் இந்தியர் ஒருவர். டாக்காவை அடுத்த சிற்றூரில் 1893இல் எளிய கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த மேகநாத் சாஹா, கல்கத்தாவில் இயற்பியல் பயின்று, 1920இல் ஒரு சமன்பாட்டை வெளியிட்டார். வெப்பம் ஏற ஏற அணுக்கள் தம் எலக்ட்ரான்களை இழந்து அயனிகளாகின்றன. எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில், எத்தனை பங்கு அணுக்கள் அவ்வாறு இழக்கும் என்பதை அச்சமன்பாடு கணக்கிட்டுச் சொன்னது. விண்மீன்களின் நிறமாலைகள் வேறுபடுவதற்கு முதன்மையான காரணம் பொருள் வேறுபாடு அன்று, வெப்ப வேறுபாடே என்பது அதிலிருந்து விளங்கிற்று. கேம்பிரிட்ஜில் ஃபவுலர், மில்ன் ஆகிய இருவரும் அக்கொள்கையை மேலும் செப்பம் செய்தனர். ஹார்வர்ட் செல்லும் சிசிலியாவிடம், அங்குள்ள தகடுகளைக் கொண்டு சாஹாவின் கொள்கையைச் சோதிக்குமாறு சொல்லியனுப்பியவர் மில்ன்.

கொள்கையைக் கற்றவர்களிடம் தகடுகள் இல்லை. தகடுகளை வைத்திருந்தவர்கள் கொள்கையைக் கல்லாதவர்கள். இரண்டும் ஒருவரிடம் வந்து சேர்ந்தது இதுவே முதன்முறை. எனினும் பணி எளிதாக அமையவில்லை. கோடுகளின் அழுத்தத்தைக் கண்ணால் மதிப்பிட்டு எண்ணாக்க வேண்டும். எந்தக் கோடு எந்த அணுவுக்கு, எந்த அயனிக்கு உரியது என்று தேற வேண்டும். பல மாதங்கள் குழப்பத்திலேயே கழிந்தன. இரவு பகல் பாராது உழைத்தார்; உணவும் உறக்கமும் ஒழுங்கிழந்தன. சிலிக்கன் தனிமம்தான் முதலில் வழிகாட்டிற்று. வெப்பம் மிகுந்த விண்மீன்களில் சிலிக்கன் ஒன்றன்பின் ஒன்றாக எலக்ட்ரான்களை இழந்து நிற்கும் நான்கு நிலைகளை அவர் அடையாளம் கண்டார். நான்கு நிலைகளும் நான்கு படிகளைப் போல அமைய, அவற்றில் ஏறி விண்மீன்களின் வெப்பநிலையை அளந்தார். சாஹாவின் கொள்கை சரியே என்பது உறுதியாயிற்று.

பத்து லட்சம் மடங்கு

வெப்பநிலை தெரிந்துவிட்டால் அடுத்த படி தானே வரும். அழுத்தமான கோடு என்பது மிகுதியான பொருளைக் குறிக்க வேண்டியதில்லை. அந்த வெப்பத்தில் அக்கோட்டை உண்டாக்கும் நிலையில் உள்ள அணுக்கள் எத்தனை பங்கு என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். சூரியனின் மேற்பரப்பு வெப்பத்தில் ஹைட்ரஜன் அணுக்களில் கண்ணுக்குப் புலனாகும் கோட்டை உண்டாக்கும் கிளர்ச்சி நிலையில் இருப்பவை நூறு கோடியில் ஐந்தாறு மட்டுமே. அந்த ஐந்தாறே கோட்டை இவ்வளவு தெளிவாகக் காட்டுமாயின், பின்னே மறைந்திருக்கும் ஹைட்ரஜனின் அளவு எத்தகையது! நூறு கோடிப் பேர் கூடிய திடலில் ஐந்தாறு பேர் மட்டும் விளக்கேற்றி நிற்பதைப் போன்றது அது. விளக்கை மட்டும் எண்ணியவர்கள் கூட்டத்தைக் காணவில்லை.

சிசிலியா கூட்டத்தை எண்ணினார். சிலிக்கன், கார்பன், இரும்பு முதலிய தனிமங்கள் ஒன்றுக்கொன்று கொண்டுள்ள விகிதம் பூமியில் உள்ளதைப் பெரிதும் ஒத்திருந்தது. எல்லாரும் எதிர்பார்த்தது அதுவே. ஆனால் ஹைட்ரஜன் உலோகங்களைவிடச் சுமார் பத்து லட்சம் மடங்கு மிகுந்திருந்தது. ஹீலியமும் அவ்வாறே எதிர்பாராத மிகுதியில் நின்றது. ஒரு விண்மீனில் மட்டும் இவ்வாறு என்றால் பிழையெனத் தள்ளலாம். அவர் ஆராய்ந்த விண்மீன்கள் எல்லாவற்றிலும், வெப்பம் எத்துணை வேறுபட்டாலும், அதே விடைதான் வந்தது. தனிமங்களில் மிக எளியதும் மிக இலேசானதுமான ஹைட்ரஜனே விண்மீன்களின் உடல்; மற்றவை அதில் தூவிய துகள்கள்.

அந்த வரி

1924ஆம் ஆண்டின் இறுதியில் கைப்படியை ஷேப்லி தம் ஆசிரியரான ரசலுக்கு அனுப்பிவைத்தார். 1925 ஜனவரியில் மறுமொழி வந்தது. ஆய்வின் பெரும்பகுதியை ரசல் வெகுவாகப் பாராட்டியிருந்தார். ஹைட்ரஜன் பற்றிய முடிவை மட்டும் நடக்க இயலாத ஒன்றென ஒதுக்கியிருந்தார். கொள்கையில் எங்கோ குறையுள்ளது. அது இத்தகைய பொய்த்தோற்றத்தைத் தருகிறது என்பது அவர் எண்ணம்.

ரசல் அற்பரல்லர், பொறாமையால் எழுதியவருமல்லர். அவரது ஒரு சொல் இளைஞர் ஒருவரின் எதிர்காலத்தை ஆக்கவும் அழிக்கவும் வல்லது என்பது அன்றைய வானியலில் எல்லாரும் அறிந்த செய்தி. சிசிலியாவோ அயல்நாட்டவர், பெண், பதவியேதும் அற்றவர், ஆய்வேடு இன்னும் ஏற்கப்படாதவர். ஹார்வர்டின் இயற்பியல் துறைத் தலைவர் முனைவர் பட்டத்துக்குப் பெண் ஒருவரை ஏற்க மறுத்திருந்தமையால், வானியலின் பெயரில், ராட்கிளிஃப் மகளிர் கல்லூரியின் வழியாகவே அவர் பட்டம் பெற வேண்டியிருந்தது.

ஹைட்ரஜனுக்கும் ஹீலியத்துக்கும் கிடைத்த பெரும் அளவுகள் ஏறக்குறைய உறுதியாக உண்மையல்ல என்னும் கருத்தை ஆய்வேட்டில் அவரே எழுதிச் சேர்த்தார். எண்களை மட்டும் அழிக்கவில்லை. அட்டவணையில் அவை அப்படியே நின்றன.

விண்மீன் வளிமண்டலங்களைப் பற்றிய அந்த ஆய்வேடு 1925இல் ஹார்வர்ட் வானாய்வகத்தின் தனிநூல் வரிசையில் முதல் நூலாக வெளிவந்தது. ராட்கிளிஃபில் வானியலுக்காக முனைவர் பட்டம் பெற்ற முதல்வர் சிசிலியா. கேம்பிரிட்ஜுக்கு ஒருமுறை சென்றபோது, விண்மீன்களில் ஹைட்ரஜன் மிகுந்திருப்பதாக எடிங்டனிடம் கூறினார். அது மேற்பரப்பில் இருக்கலாம், உள்ளே அன்று என்பதே பழைய ஆசானின் விடையாயிற்று. கதவைத் திறந்துவிட்டவரும் அவ்வேளையில் உடன் வரவில்லை.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. இதற்குள் செருமனியில் ஆல்பிரெக்ட் உன்சோல்டும் பிறரும் வேறு வழிகளில் ஹைட்ரஜனின் மிகுதியைக் கண்டனர். 1929இல் ரசல் சூரிய வளிமண்டலத்தைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். தம் சொந்த முறையில் கணக்கிட்டு, ஹைட்ரஜனே பெரும்பொருள் என்ற முடிவுக்கு வந்திருந்தார். சிசிலியாவின் முந்தைய விடையோடு தம் விடை ஒத்திருப்பதைக் குறிப்பிடவும் செய்தார். ஆனால் அவ்விடையை முதலில் ஏற்க மறுத்தவர் தாமே என்பதைக் குறிப்பிடவில்லை. உலகம் ரசலை நம்பியது. நெடுங்காலம் அக்கண்டுபிடிப்பு ரசலின் பெயராலேயே வழங்கிற்று.

பட்டியலில் இல்லாத பெயர்

உதவித்தொகை முடிந்ததும் ஹார்வர்டிலேயே பணியமர்ந்தார். முதல் மாத ஊதியம் கைக்கு வரும் வரை நகைகளையும் தம் வயலினையும் அடகு வைத்து நாளைக் கடத்த நேர்ந்தது. பதவியின் பெயர் இயக்குநரின் தொழில்நுட்ப உதவியாளர் என்பதே. அவருடைய சம்பளம் கருவிகளுக்கான செலவுக் கணக்கில் எழுதப்பட்டது. வகுப்புகள் நடத்தினார், மாணவர் ஆய்வுகளை வழிநடத்தினார், ஆனால் அவர் நடத்திய பாடங்கள் 1945 வரை பல்கலைக்கழகப் பாடப்பட்டியலில் அச்சேறவில்லை. தாம் உள்ளவரை பெண் எவருக்கும் பதவி கிடையாதென்பது அன்றைய பல்கலைக்கழகத் தலைவரின் நிலைப்பாடு.

தம் ஆய்வைத் தொடரவும் அவருக்கு முழு உரிமை இல்லை. நிறமாலை ஆய்விலேயே நிலைக்க விரும்பியவரை ஷேப்லி ஒளியளவை ஆய்வுக்கும் மாறு விண்மீன் ஆய்வுக்கும் திருப்பிவிட்டார். மனம் வருந்தினாலும் அதிலும் முழுமையாக ஈடுபட்டார். 1932இல் நெருங்கிய தோழி அடிலெய்ட் ஏம்ஸ் ஏரியில் படகு கவிழ்ந்து மாண்ட துயரம் அவரை நிலைகுலையச் செய்தது. கல்வியிலேயே ஒடுங்கிக் கிடந்தது போதும், மனிதரிடையே வாழ வேண்டும் என்ற எண்ணம் அதன்பின் வலுத்தது.

1933இல் ஐரோப்பாவின் வானாய்வகங்களைக் காணப் புறப்பட்டார். இரஷ்யாவில் அச்சமும் வறுமையும் நிறைந்த சூழலில் பணிபுரிந்த வானியலாளர்களைக் கண்டார். செருமனியின் கோட்டிங்கனில் நடந்த வானியலாளர் மாநாட்டில் செர்கெய் கப்போஷ்கின் என்னும் இரஷ்யர் அவரைத் தேடி வந்து, தம் வரலாற்றை எழுதிய தாளைக் கொடுத்தார். தாய்நாட்டுக்குத் திரும்ப முடியாதவர். இட்லரின் ஆட்சி தொடங்கிவிட்ட செருமனியிலும் வாழ முடியாதவர். அவரைச் சந்திக்கும் பொருட்டே மிதிவண்டியில் நெடுந்தொலைவு வந்தவர். அன்றிரவு அத்தாளைப் படித்த சிசிலியா, நாடற்ற அந்த மனிதரை அமெரிக்காவுக்கு வரவழைப்பதெனத் தீர்மானித்து, அலைந்து திரிந்து அதை நிறைவேற்றியும் காட்டினார். 1934 மார்ச்சில் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். அதன்பின் அவர் சிசிலியா பெய்ன்-கப்போஷ்கின் ஆனார்.

மூன்று குழந்தைகள் பிறந்தனர். பார்த்துக்கொள்ள வேறெவரும் இல்லாதபோது குழந்தைகள் வானாய்வகத்திலேயே விளையாடிக்கொண்டிருந்தனர். கணவரும் மனைவியும் சேர்ந்து மாறு விண்மீன்களைப் பற்றிய பெருநூல் ஒன்றை 1938இல் வெளியிட்டனர். உதவியாளர்களோடு அவர்கள் தகடுகளில் செய்த ஒளியளவைகள் பால்வெளியில் மட்டும் பன்னிரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவை. மகல்லன் முகில்களில் இருபது லட்சத்துக்கு மேற்பட்டவை.

காலம் தாழ்ந்த மதிப்பு

1956ஆம் ஆண்டில், ஹார்வர்டுக்கு வந்து முப்பத்துமூன்று ஆண்டுகள் கழிந்தபின், அம்மையார் முழுநிலைப் பேராசிரியராக உயர்த்தப்பட்டார். ஹார்வர்டின் கலை அறிவியல் புலத்துள் படிப்படியாக உயர்ந்து அந்நிலையை எய்திய முதல் பெண் அவரே. அதே ஆண்டில் வானியல் துறையின் தலைமையும் வந்தது. அப்பல்கலைக்கழகத்தில் துறையொன்றுக்குத் தலைமையேற்ற முதல் பெண்ணும் அவரே ஆனார். 1966இல் ஓய்வு பெற்றபின்னும் ஆய்வை நிறுத்தவில்லை. அவருடைய 1925 ஆய்வேடே வானியலில் இதுவரை எழுதப்பட்டவற்றுள் தலைசிறந்தது என 1960களில் வானியலாளர் ஆட்டோ ஸ்ட்ரூவ் போற்றி எழுதினார்.

1976இல் அமெரிக்க வானியல் கழகம் தன் உயர்ந்த பரிசுகளுள் ஒன்றை அவருக்கு அளித்தது. அப்பரிசின் பெயர் ஹென்றி நாரிஸ் ரசல் பரிசு. ஐம்பத்தோராண்டுக்கு முன் தம் முடிவை மறுத்தவரின் பெயரால் அமைந்த மேடையில் நின்று அவர் உரையாற்றினார். அவ்வுரையில் கசப்பு இல்லை. உலக வரலாற்றில் ஒன்றைத் தாமே முதலில் கண்டறியும் கணத்து மெய்சிலிர்ப்புக்கு நிகரான வேறு பரிசு இளம் ஆய்வாளருக்கு இல்லை என்பதையே அவர் வலியுறுத்தினார்.

தம் வாழ்க்கையை நினைவு கூர்ந்து எழுதிய நூலிலும் அவர் ரசலைக் குற்றம் சாட்டவில்லை. சரியென்று நம்பியதை வற்புறுத்தாமல், பெயர் பெற்றவரின் முன் பணிந்தது தம் குற்றமே என்று எழுதினார். தம் சான்றுகளில் உறுதி கொண்டோர் தம் நிலையிலிருந்து விலகலாகாது என்பதற்குத் தம்மையே எச்சரிக்கையாக இளையோர் முன் நிறுத்தினார். அந்நூலுக்கு அவர் இட்ட தலைப்புச் சாயமிடுபவரின் கையைக் குறிப்பது. ஷேக்ஸ்பியரின் சானட் ஒன்றிலிருந்து எடுத்தது. செய்யும் தொழிலின் நிறம் கையில் ஊறிவிடும் என்பது அதன் உட்பொருள். இலக்கியத்தை இறுதிவரை நேசித்த ஒருவர், தம் அறிவியல் வாழ்க்கைக்குப் பெயர் தேடியபோது கவிதையிடமே சென்றார்.

1979ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள், மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரில் அம்மையார் மறைந்தார். சிறுகோள் ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கிச் சூரியனைச் சுற்றி வருகிறது. அச்சூரியனின் நிறையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு ஹைட்ரஜன் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அதைச் சொன்னவர் பெயரை அறிந்தோர் சிலரே.

1925ஆம் ஆண்டு நூலின் படிகள் நூலகங்களில் இன்றும் உள்ளன. அதன் அட்டவணையில் உள்ள பெரிய எண்களும், அவற்றை மறுக்கும் வரியும் அருகருகே நிற்கின்றன. எண்களைத் தந்தது அவர் கண். வரியைத் தந்தது அவர் காலம். அந்த வரியை எழுத நேர்ந்தபோதும் எண்களை அழிக்காமல் விட்டதே, இருபத்தைந்து வயதில் அவரால் செய்ய முடிந்த துணிவு.